புது உணவகத்துக்குக் குடும்பத்தோடு போகும்முன் ஒருமுறை நாம் பார்த்துவிட்டு வர வேண்டுமா?

நீலவானம் (இழையைத் தொடங்கியவர்)

நகரத்தில் புதிதாக ஓர் உணவகம் திறந்திருக்கிறது என்று தெரிந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. தனியாகப் போய் உண்பதில் எனக்கு ஆர்வமில்லை. நண்பர்கள், அவர்கள் குடும்பம், எங்கள் வீட்டுப் பெரியவர்கள், பிள்ளைகள் என எல்லோரும் சேர்ந்து போய், யாருக்குமே தெரியாத ஒரு மெனுவை ஒன்றாகப் புரட்ட வேண்டும். அந்த முதல் பத்து நிமிடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

என் கணவர் இதை ஏற்பதில்லை. "தெரியாத இடத்துக்குப் பத்துப் பேரை அழைத்துப்போவது ஆழம் தெரியாமல் காலை விடுவது. முதலில் நாம் இருவரும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம், நன்றாக இருந்தால் எல்லோரையும் அழைப்போம்" என்கிறார். அப்படிச் செய்தால் எனக்கு அது பழைய இடமாகிவிடுகிறதே! மற்றவர்கள் முதல் கவளத்தை வாயில் வைக்கும்போது, பிடித்ததா பிடிக்கவில்லையா என்று நான் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எங்கள் கூட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காது சற்று மந்தமான மாமனார், புதிய உணவைத் தட்டில் வைத்தாலே தலையைத் திருப்பிக்கொள்ளும் நான்கு வயது மகள், எள் ஒத்துக்கொள்ளாத தோழி, என்ன கேட்டாலும் "எதுவானாலும் சரி" என்று மட்டுமே சொல்லும் தம்பி. நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

பெருவழி

சகோதரி, நான் உங்கள் கணவர் கட்சி. நண்பர்களோடு போகும்போது சாப்பாடு சுமாராக இருந்தால் அதையே பேசிச் சிரித்துவிட்டு வந்துவிடலாம். பெரியவர்கள் அப்படியில்லை. அவர்கள் மருந்து நேரத்தை மாற்றி, நல்ல உடையாக எடுத்து உடுத்திக்கொண்டு, அந்த மாலையையே நமக்காக ஒதுக்கிவிட்டு வருகிறார்கள். அவர்களை ஒரு மணி நேரம் காக்கவைத்து, ஆறிப்போனதைப் பரிமாறி அனுப்புவது மரியாதைக் குறைவு.

இன்னொன்று. இதுவரை உண்டதில் சிறந்ததையே மறுபடி வாங்குவதா, புதிதாக ஒன்றை முயல்வதா என்ற கேள்விக்கு இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன், உணவகத்தில் நண்பர் ரால்ஃப் லெய்ட்டனோடு பேசிக்கொண்டிருந்ததிலிருந்து, கணக்கே போட்டுப் பார்த்திருக்கிறார். அதன் சாரம் எளியது. இன்னும் நிறைய வேளைகள் மீதமிருந்தால் புதியதைத் தேடலாம். கொஞ்சமே இருந்தால் அறிந்தவற்றில் சிறந்ததைப் பிடித்துக்கொள்வது நல்லது. உங்கள் மகளுக்கும் மாமனாருக்கும் இந்தக் கணக்கு ஒரே விடையைத் தராது.

நீலவானம்

ஐயா, அந்தக் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் கூட்டத்தில் புதியதை முதலில் எடுத்து வாயில் போடுபவர் என் மாமனார்தான். வயதாகிவிட்டது என்பதற்காக ஒருவருக்குப் பழக்கப்பட்டதையே திரும்பத் திரும்பக் கொடுப்பது அவரை ஓரமாக உட்காரவைப்பது இல்லையா? அவருக்குச் சிரமம் உணவில் இல்லை, இரைச்சலில்தான். மேசையில் என்ன பேசுகிறோம் என்று கேட்காமல், எல்லோரும் சிரிக்கும்போது அவரும் புன்னகைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

எதிரொலி

இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். கட்டடங்களின் ஒலியமைப்பு என் தொழில்.

உணவக இரைச்சல் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் தன்மை உடையது. சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துகிறார். பிரெஞ்சுக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் எத்தியேன் லொம்பார் இதைக் கண்டறிந்து 1911இல் வெளியிட்டார். லொம்பார் விளைவு என்று அவர் பெயராலேயே அழைக்கிறோம். ஒரு மேசை குரலை உயர்த்தினால் பக்கத்து மேசையும் உயர்த்தும், அதைக் கேட்டு முதல் மேசை இன்னும் உயர்த்தும். ஒரு மீட்டர் தூரத்தில் சாதாரணமாகப் பேசும் குரல் ஏறத்தாழ 60 டெசிபல். நிரம்பிய உணவகம் 80 டெசிபலைத் தொடுவது அரிதில்லை. டெசிபல் கணக்கில் ஒவ்வொரு 10 கூடும்போதும் சத்தம் இரண்டு மடங்கானதுபோல் நம் காதுக்குத் தோன்றும். அப்படியானால் அந்த 20இன் அளவை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வயதானவர்களுக்கு முதலில் குறைவது உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் திறன். சொற்களைப் பிரித்தறியச் செய்யும் மெய்யொலிகள் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. அதனால் அவர்களுக்குப் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது விளங்காது. "சத்தமாகப் பேசு" என்று அவர்கள் சொன்னால் நாம் கத்துகிறோம், அது உதவாது. முகம் தெரியும்படி எதிரே உட்கார்ந்து, சற்று நிதானமாகப் பேசுவது உதவும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சுவரையும் கூரையையும் பாருங்கள். இப்போது திறக்கும் பல உணவகங்களில் வெறும் கான்கிரீட் தளம், கண்ணாடிச் சுவர், திறந்த கூரை, மெத்தை இல்லாத நாற்காலி. புகைப்படத்தில் அழகாக இருக்கும், ஒலியை உறிஞ்ச அங்கே ஒன்றும் இருக்காது. 1895இல் ஹார்வர்டில் ஒரு புதிய விரிவுரை மண்டபத்தில் எதிரொலி தாங்காமல் பேச்சே விளங்கவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியரிடம் அந்தப் பொறுப்பு வந்தது. அவர் இரவு நேரத்தில் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எத்தனை நொடி எதிரொலி குறைகிறது என்று அளந்தார். இன்று நாங்கள் பயன்படுத்தும் சூத்திரம் அங்கிருந்து பிறந்ததுதான். மெத்தை, திரைச்சீலை, தரைவிரிப்பு, மேசை விரிப்பு இருக்கும் இடம் பெரியவர்களுக்கு நல்ல இடம்.

மாமனாரைச் சுவரோரம், மூலையில், முதுகு சுவரைப் பார்த்தபடி உட்காரவையுங்கள். காதுக் கருவி அணிபவராக இருந்தால் கணக்கு மாறும். திசையறியும் மைக் உள்ள கருவி முன்னால் வரும் ஒலியைத்தான் அதிகம் எடுக்கும். எனவே கூட்டம் அவர் முதுகுக்குப் பின்னாலும், நீங்கள் முகத்துக்கு நேரேயும் இருக்க வேண்டும். நீள மேசையைவிட வட்ட மேசை நல்லது. பத்துப் பேருக்கு மேல் போனால் எந்த மேசையும் உதவாது, இரண்டாகப் பிரிந்து உட்காருங்கள். கூட்டம் வருமுன் போய்விட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

நீலவானம்

எதிரொலி அண்ணா, மிக்க நன்றி. நாற்காலியில் மெத்தை இருக்கிறதா என்று நான் இதுவரை ஒரு புகைப்படத்திலும் தேடியதில்லை. இனி அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

முதல்பந்தி

நான் பல ஆண்டுகள் உணவகச் சமையலறையில் வேலை பார்த்தவன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

சமையலறையில் வேலை பகுதி பகுதியாகப் பிரிந்திருக்கும். அடுப்பில் ஒருவர், பொரிப்பதற்கு ஒருவர், குளிர்ந்த உணவுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர். ஒரு மேசையின் ஆர்டர் வந்தால் அது இந்தப் பகுதிகளுக்குப் பிரிந்து போகும். எல்லாம் ஒரே நேரத்தில் முடிந்து, பரிமாறும் இடத்துக்கு ஒன்றாக வந்து சேர வேண்டும். இரண்டு பேர் மேசையில் இது எளிது. பத்துப் பேர் பத்து வகை கேட்டால், ஒரே ஒரு வகை தாமதமானாலும் மற்ற ஒன்பதும் காத்துக்கிடக்கும், அல்லது ஆறிப்போய் வரும். கூட்டாக வேலை செய்து பழகிய சமையலறை இதைச் சமாளித்துவிடும். புதிதாகத் திறந்த இடத்தில் ஆட்களே ஒருவரையொருவர் இன்னும் அறிந்திருக்கமாட்டார்கள். அதனால்தான் பல இடங்களில் முறையாகத் திறக்குமுன், அழைத்தவர்களுக்கு மட்டும் குறைந்த மெனுவோடு சில நாள் பரிமாறிப் பார்க்கிறார்கள்.

ஆகவே பெரிய கூட்டமாகப் போவதானால், திறந்து சில வாரங்கள் கழியட்டும். வார நாளில், கடை திறந்து கொஞ்ச நேரத்துக்குள் போங்கள். எத்தனை பேர், அதில் குழந்தைகள் எத்தனை என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஆர்டரை நான்கு ஐந்து வகைகளுக்குள் சுருக்கி, ஒவ்வொன்றையும் கூடுதலாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஒரே வகையை ஒன்றாகப் பலருக்குச் சமைப்பது எங்களுக்கு எளிது, உங்களுக்கும் சூடாக வரும். கடை மூட அரை மணி நேரம் இருக்கும்போது கூட்டமாக உள்ளே நுழையாதீர்கள். கதவு திறந்திருந்தாலும் உள்ளே அடுப்புகளைத் துடைக்கத் தொடங்கியிருப்பார்கள்.

இது இன்றைய சிக்கல் என்று எண்ணிவிடாதீர்கள். சீனாவில் சோங் அரசர்களின் தலைநகராக இருந்த கைஃபெங் நகர வாழ்க்கையை 1147இல் ஒருவர் எழுதிவைத்தார். அங்கே உணவகத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்றாகக் கேட்டார்களாம், ஒருவருக்குச் சூடாக வேண்டும், இன்னொருவருக்குக் குளிர்ச்சியாக வேண்டும். பரிமாறுபவர் எல்லாவற்றையும் நினைவில் வைத்துச் சமையலறையில் ஒப்பிக்க வேண்டும். தவறினால் முதலாளியிடம் திட்டும் வாங்க வேண்டும், சம்பளமும் பிடிக்கப்படும். அதைப் படித்தபோது அந்த மனிதரை எனக்கு நன்றாகத் தெரியும் என்று தோன்றியது. உங்களுக்குப் பரிமாறுபவர் ஒன்றை மறந்தால் அருள்கூர்ந்து மெல்லச் சொல்லுங்கள்.

கல்லூரிச்சாலை

முதல்பந்தி அண்ணா சொல்வது புரிகிறது. ஆனால் சில வாரம் காத்திருந்தால் கடையே இருக்குமா? புதிதாகத் திறக்கும் உணவகங்களில் பத்தில் ஒன்பது முதல் ஆண்டிலேயே மூடிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்களே.

முதல்பந்தி

தம்பி, அப்படிப் பலரும் சொல்கிறார்கள், ஆனால் அளந்து பார்த்தபோது அது நிற்கவில்லை. அமெரிக்காவின் கொலம்பஸ் நகரத்தில் 1996 முதல் 1999 வரை நடந்த உணவகங்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2005இல் வந்தது. முதல் ஆண்டில் மூடியவை நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல், ஏறத்தாழ 26 சதவீதம். மூன்று ஆண்டுக்குள் மூடியவை பத்தில் ஆறு. அதுவும் கொடிய கணக்குதான், ஆனால் சில வாரம் பொறுப்பதற்கு நேரம் இருக்கிறது. பிடித்திருந்தால் மறுபடி போங்கள். புதிய கடையைக் காப்பாற்றுவது இரண்டாம் முறை வருபவர்கள்தான்.

தாழம்பூ

எனக்கு உங்கள் தம்பியைப் பற்றித்தான் பேச வேண்டும், நீலவானம். "எதுவானாலும் சரி" என்பவர்கள் கூட்டத்தில் ஒருவர் இருந்தால் பரவாயில்லை. எல்லோருமே அப்படிச் சொல்லத் தொடங்கினால் என்ன ஆகும் என்று ஜெரி ஹார்வி என்ற மேலாண்மைப் பேராசிரியர் 1974இல் எழுதினார். டெக்சாஸில் கோல்மன் என்ற சிற்றூர், கொளுத்தும் பிற்பகல். குடும்பம் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சுகமாக விளையாடிக்கொண்டிருக்கிறது. மாமனார், "அபிலீனுக்குப் போய்ச் சாப்பிடலாமா?" என்கிறார். அது 53 மைல் தூரம், அதாவது 85 கிலோமீட்டர். மனைவி நல்ல யோசனை என்கிறார். கணவருக்கு விருப்பமில்லை, ஆனாலும் மாமியார் சரி என்றால் சரி என்கிறார். மாமியாரும் சரி என்கிறார். வெயிலிலும் புழுதியிலும் போய், மோசமான உணவைத் தின்று, களைத்துத் திரும்பிய பிறகுதான் தெரிகிறது, ஒருவருக்குமே போக விருப்பமில்லை என்பது. மாமனார்கூட மற்றவர்களுக்குச் சலிப்பாக இருக்குமோ என்றுதான் கேட்டாராம்.

ஒவ்வொருவரும் மற்றவர் மனம் நோகக்கூடாது என்று நினைத்ததால் வந்த வினை. அன்பான குடும்பங்களில்தான் இது அதிகம் நடக்கிறது என்பதை என் வீட்டிலேயே பார்க்கிறேன்.

நான் இப்போது "எங்கே போகலாம்?" என்று கேட்பதே இல்லை. மூன்று இடங்களைச் சொல்லி, "இதில் எது வேண்டாம்?" என்று கேட்கிறேன். தனித்தனியாகக் கேட்கிறேன், ஒருவர் பதில் இன்னொருவருக்குத் தெரியாதபடி. வேண்டும் என்று சொல்லக் கூச்சப்படுபவர்கள்கூட வேண்டாம் என்பதை மெல்லச் சொல்லிவிடுகிறார்கள். என் மாமியார் வாய் திறந்தது அப்போதுதான். மாடிப்படி ஏற முடியாது என்பதை அவர் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

மழைக்காகிதம்

படிக்கட்டு, கழிப்பறை, குழந்தையை உட்காரவைக்கும் உயர நாற்காலி. இந்த மூன்றையும் தொலைபேசியில் கேட்டுவிடலாம், தாழம்பூ அக்கா. யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

நான்கு வயது மகளைப் பற்றி ஒரு தாயாகச் சொல்கிறேன். கவலைப்படாதீர்கள் நீலவானம், அது அடம் இல்லை. புதிய உணவைக் கண்டு ஒதுங்குவது இரண்டு முதல் ஆறு வயதுக்குள் உச்சத்தில் இருக்கும் என்று குழந்தை வளர்ச்சியை ஆராய்பவர்கள் சொல்கிறார்கள். நடக்கத் தொடங்கிக் கைக்குக் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கும் வயதில் இந்தத் தயக்கம் ஒரு காவல். அதே உணவை வற்புறுத்தாமல் பலமுறை கண்ணில் காட்டி, ஒரு துளி சுவைக்கக் கொடுத்துவந்தால் பெரும்பாலான குழந்தைகள் மெல்ல ஏற்றுக்கொள்கிறார்கள். ஒருமுறை, இருமுறையில் முடியாது. எட்டு, பத்து முறைகூட ஆகலாம். "ஒரு வாய் சாப்பிட்டால் இனிப்பு தருகிறேன்" என்று பேரம் பேசினால் அந்த உணவின்மேல் வெறுப்புத்தான் கூடும்.

நான் செய்வது இவ்வளவுதான். அவள் நிச்சயம் உண்ணும் ஒன்று மெனுவில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுவேன். அதை முதலில் வரவழைப்பேன். வயிறு பாதி நிறைந்த பிள்ளைக்கு அப்பா தட்டில் இருப்பது என்னவென்று எட்டிப்பார்க்க ஆசை வரும். பசியில் இருக்கும் பிள்ளைக்கு எதுவுமே ஆசையாக இருக்காது. புது இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. தாத்தா ஒன்றை முதன்முதலில் சுவைத்து முகம் மலர்வதை அந்தப் பிள்ளை பார்க்க வேண்டும்.

சாளரம்

இந்த இழையில் எள் ஒத்துக்கொள்ளாத தோழியைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. எனக்கும் ஒவ்வாமை உண்டு, வேர்க்கடலை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எள்ளைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்கச் சட்டத்தில் முக்கிய ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலில் எட்டுப் பொருள்கள் இருந்தன. ஒன்பதாவதாக எள் சேர்ந்து நடைமுறைக்கு வந்தது 2023 ஜனவரியில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் 14 பொருள்கள், அதில் எள் முன்பே இருந்தது. 2014 டிசம்பரிலிருந்து அங்கே உணவகங்களும் இவற்றைப் பற்றிக் கேட்பவருக்குத் தகவல் தந்தாக வேண்டும். இப்படிச் சட்டம் இருக்கும் இடமானாலும் இல்லாத இடமானாலும், உங்கள் தோழியின் உயிர் அன்று இரவு அந்தச் சமையலறையில் இருக்கும் ஒருவரின் கவனத்தில்தான் இருக்கிறது.

பரிமாறுபவரிடம் மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். புதிய இடத்தில் அவருக்கே மெனு முழுதும் தெரிந்திருக்காது, தெரியாது என்று சொல்லவும் தயங்குவார். சமைப்பவரிடம் கேட்டு வந்து சொல்லுங்கள் என்று கேளுங்கள். "இதில் எள் இருக்கிறதா?" என்பதோடு நில்லாமல், "எள் சேர்த்த எதையாவது பொரித்த எண்ணெயில் இதையும் பொரிக்கிறீர்களா? அதே கரண்டியா? அதே பலகையா?" என்றும் கேளுங்கள். சூடாக்கினால் ஒவ்வாமை தரும் புரதம் போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள். வறுத்தாலும் பொரித்தாலும் எள்ளிலும் வேர்க்கடலையிலும் அது போய்விடாது. கூட்டம் இல்லாத பிற்பகல் வேளையில் தொலைபேசியில் அழைத்துக் கேட்டால் நிதானமாகப் பதில் சொல்வார்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், வேறு இடமா கிடைக்காது?

தோழிக்கு மருத்துவர் அட்ரினலின் ஊசி எழுதிக்கொடுத்திருந்தால் அது அவருடைய பையில் இருக்கிறதா என்று புறப்படும்போதே கேளுங்கள். அதை எப்படிப் போடுவது என்று மேசையில் இன்னும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மூச்சுத் திணறல், தொண்டை இறுக்கம் வந்தால் முதலில் ஊசி, உடனே அவசர ஊர்தி. ஒவ்வாமை மாத்திரையை நம்பிக் காத்திருக்கக்கூடாது.

நான் ஒவ்வொருமுறை கேட்கும்போதும் மேசையில் யாராவது ஒருவர் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்குப் பயந்து கேட்காமல் இருந்துவிடுபவர்கள் நிறையப் பேர். உங்கள் தோழி கேட்பதற்கு முன்னால் நீங்கள் கேட்டுவிடுங்கள் அக்கா. அதைவிடப் பெரிய அன்பு எனக்குத் தெரியவில்லை.

நீலவானம்

சாளரம், உங்கள் பதிவை அவளுக்கு அனுப்பிவிட்டேன். இனி அந்தத் தொலைபேசி அழைப்பு என் பொறுப்பு.

எல்லாவற்றையும் படித்தபின் எனக்கு ஒன்று தோன்றுகிறது. இரைச்சல், படிக்கட்டு, கழிப்பறை, எள், குழந்தைக்கு ஏதாவது இருக்கிறதா என்பது. இவற்றில் ஒன்றுகூட உண்டு பார்த்தால்தான் தெரியும் என்பதில்லை. நாங்கள் குடும்பமாகப் போக நினைக்கும் அதே கிழமை, அதே நேரத்தில் ஒருவர் போய் ஒரு பழச்சாறு மட்டும் குடித்துவிட்டு வந்தால் போதுமே! இடத்தைப் பார்த்ததாகவும் இருக்கும், மெனு எல்லோருக்கும் புதிதாகவும் இருக்கும். என் கணவரிடம் சொன்னேன். பழச்சாறு குடிக்கத் தான் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

பெருவழி

நல்ல ஏற்பாடு, சகோதரி. ஆனால் திருமண நாள், அறுபதாம் ஆண்டு நிறைவு போன்ற நாள்களுக்கு இதுவும் போதாது என்பேன். அன்றைக்கு உண்டு பார்த்து நம்பிய இடத்துக்கே போங்கள். திரும்பி வராத நாளை வைத்து எதையும் சோதிக்க வேண்டாம். இதில் நான் மாறமாட்டேன்.

கல்லூரிச்சாலை

இவ்வளவு சிரமம் எதற்கு? நட்சத்திர மதிப்பீடு நான்குக்கு மேல் இருந்தால் போய்விட வேண்டியதுதானே.

ஆறாம்விரல்

தம்பி, அந்த நட்சத்திரத்தை நம்பி மட்டும் பெரியவர்களை அழைத்துப் போகாதே. சியாட்டில் நகர உணவகங்களை வைத்து மைக்கேல் லூக்கா என்ற ஹார்வர்டு ஆய்வாளர் 2011இல் எழுதியது இது: வாடிக்கையாளர்கள் உணவகங்களை மதிப்பிடும் யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது. தனி உணவகங்களுக்குத்தான் இந்த விளைவு, பல கிளை உள்ள பெயர்பெற்ற நிறுவனங்களுக்கு இல்லை. ஒரு நட்சத்திரத்தில் இவ்வளவு பணம் இருக்கிறது என்றால், அதைப் பொய்யாக வாங்குவதற்கும் ஆள் இருப்பார்கள் அல்லவா? 2017இல் லண்டனில் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று பதிவுசெய்து, நண்பர்களை வைத்துப் போலிக் கருத்துகள் எழுதி, புகழ்பெற்ற பயணத் தளம் ஒன்றில் அந்த நகரத்தின் முதலிடத்துக்கே கொண்டுவந்துவிட்டார். அதுவரை அங்கே ஒருவருக்கும் ஒரு தட்டு உணவு பரிமாறியதில்லை.

சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷெலின் கையேட்டின் ஆய்வாளர்கள் தம்மை யாரென்று காட்டிக்கொள்ளாமல் போய், பில்லைக் கட்டி உண்டு வருகிறார்கள். 1926இல் தொடங்கிய அந்த நட்சத்திரங்களுக்கு இன்றும் மதிப்பு இருப்பதற்கு அந்தக் கட்டுப்பாடு ஒரு காரணம். ஆனால் அதுவும் தட்டில் இருப்பதற்குத் தரும் நட்சத்திரம். நீலவானத்தின் மாமனாருக்கு அங்கே பேச்சு விளங்குமா என்று அது சொல்லாது.

நான் ஐந்து நட்சத்திரத்தையும் ஒற்றை நட்சத்திரத்தையும் தள்ளிவிட்டு, நடுவில் மூன்று கொடுத்தவர்கள் எழுதியதைப் படிப்பேன். அவர்கள்தான் எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று இரண்டையும் சொல்கிறார்கள். அதிலும் கடந்த இரண்டு மாதத்துக்குள் எழுதியது. கடை கொடுத்த படத்தைவிட வாடிக்கையாளர் எடுத்த படம் நம்பத்தக்கது.

தாழம்பூ

ஆர்டர் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. டான் அரியெலி, ஜொனாதன் லெவாவ் என்ற இருவர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், மேசையில் ஒருவர்பின் ஒருவராக உரக்க ஆர்டர் சொல்லும்போது, முன்னால் சொன்னவர் கேட்டதையே கேட்கக்கூடாது என்று பின்னால் வருபவர்கள் தாம் விரும்பியதை விட்டு வேறொன்றைக் கேட்கிறார்கள் என்று கண்டார்கள். பிறகு அதில் அவர்களுக்கு நிறைவும் இல்லை. முதல்பந்தி அண்ணா சொன்னதுபோல் பகிர்ந்து உண்டால் இந்தத் தொல்லை இல்லை. தனித்தனி என்றால், வேண்டியதை மனத்தில் முடிவுசெய்துவிட்டு வாய் திறக்கலாம். பக்கத்தில் இருப்பவர் அதையே கேட்டால் கேட்கட்டுமே.

கல்லூரிச்சாலை

ஆறாம்விரல் அண்ணா, மூன்று நட்சத்திரக் கருத்துகளைப் படிக்கிறேன், நன்றி.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. நண்பர்களோடு புது இடத்துக்குப் போனால் கடைசியில் பில்லைச் சமமாகப் பிரிக்கிறார்கள். நான் படித்துக்கொண்டே பகுதிநேர வேலை பார்க்கிறேன். சூப் மட்டும் குடித்துவிட்டு எல்லோருக்கும் சமமாகக் கொடுத்துவிட்டு வருவேன். சொன்னால் கஞ்சன் என்பார்கள், சொல்லாவிட்டால் மாதக் கடைசியில் சிரமம். அதனால் இப்போதெல்லாம் வேலை இருக்கிறது என்று சொல்லிப் போகாமலே இருந்துவிடுகிறேன். எல்லோரோடும் போக எனக்கும் ஆசைதான்.

பெருவழி

தம்பி, நண்பர்களுக்குள் கணக்குப் பார்ப்பது அழகில்லை என்றே நாங்கள் வளர்ந்தோம். இன்றைக்கு ஒருவர், நாளைக்கு ஒருவர் என்று போகும்.

ஆறாம்விரல்

ஐயா, எல்லோருக்கும் ஒரே அளவு சம்பளம் வரும்போது அது அழகு. தம்பிக்கு நாளை என்பது அடுத்த ஊதியம் வரும்வரை இல்லை. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இஸ்ரேலில் யூரி நீசி என்ற பொருளியலாளரும் உடன் ஆய்வாளர்களும் ஆறு ஆறு பேராக உணவகத்தில் உட்காரவைத்து, சில மேசைகளில் அவரவர் பில்லை அவரவரும், சில மேசைகளில் சமமாகப் பிரித்தும் கொடுக்கச் சொன்னார்கள். 2004இல் முடிவு வெளியானது. சமமாகப் பிரித்த மேசைகளில் ஆளுக்கு ஆன செலவு தெளிவாகவே கூடியது. அதே ஆட்களை எந்த முறை வேண்டும் என்று கேட்டபோது பெரும்பாலோர் அவரவர் கணக்கு என்றே சொன்னார்கள். பெரும்பாலோருக்குப் பிடிக்காத வழக்கத்தை மரியாதைக்காக எல்லோரும் தொடர்கிறார்கள். தாழம்பூ சொன்ன அபிலீன் பயணம்தான் இதுவும்.

நீலவானம்

கல்லூரிச்சாலை, நீ சொன்னது என் மனத்தைத் தைத்தது. எங்கள் கூட்டத்திலும் இப்படி வேலை இருக்கிறது என்று சொல்லி ஒதுங்கும் ஒரு தம்பி இருக்கிறான். இடத்தைச் சொல்லும்போதே மெனுவையும் விலையையும் சேர்த்துக் குழுவில் போட்டுவிடுகிறேன். அவரவர் பில் அவரவருக்கு என்று அழைப்பிலேயே எழுதிவிடுகிறேன். நான் எழுதினால் யாரும் கேட்க வேண்டிய நிலை வராது.

முதல்பந்தி

அப்படியே செய்யுங்கள். கூடவே, உட்கார்ந்தவுடன், முதல் ஆர்டர் கொடுக்குமுன், "தனித்தனி பில் வேண்டும்" என்று பரிமாறுபவரிடம் சொல்லிவிடுங்கள். அப்போதே ஆளுக்கொரு எண் போட்டுப் பதிந்துகொள்வார்கள். பகிர்ந்து உண்பதை மட்டும் தனி பில்லாகக் கேட்டு அதைச் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம். எல்லாம் முடிந்தபின் கேட்டால் ஒவ்வொன்றையும் தேடிப் பிரிக்க அவருக்குப் பதினைந்து நிமிடம் ஆகும், அதற்குள் அடுத்த மேசையில் உணவு ஆறிக்கொண்டிருக்கும்.